நாலாம் பார்

பிலவேந்திரனுக்குத் தலை சரியில்லை என்று பூவந்துறை முழுக்கப் பேசித் தீர்த்து, ஊர் அடுத்த பேச்சுக்குப் போன பிறகுதான் அவன் மனைவி சலோமி அதை நம்பத் தொடங்கினாள். நம்பியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குழம்புக்கு உப்புப் போடும்போதும், அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும் அந்த நினைப்பு அவளை விட்டு அகலவில்லை.

விஷயம் இதுதான். பிலவேந்திரனுக்குப் பார் தட்டுப்படவில்லை.

கடலுக்கடியில் நீளமாகக் கிடக்கும் கல்மேட்டை அந்தக் கரையில் பார் என்பார்கள். மீன் அண்டுகிற இடம். பூவந்துறைக்கு எதிரே கரையை ஒட்டியபடி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பார்கள் கிடக்கின்றன. முதல் பார், ரெண்டாம் பார், மூணாம் பார் என்று எண்ணிப் பேர் வைத்ததற்கு மேல் யாரும் மெனக்கெடவில்லை. ரெண்டாம் பாரில், ஊருக்குத் தென்கிழக்கே, ஒரு பள்ளம் உண்டு. விளமீனும் களவாயும் அங்கே குடும்பம் நடத்துகின்றன. அந்தப் பள்ளம் பிலவேந்திரன் வீட்டுச் சொத்து. அதாவது, அது எங்கே இருக்கிறது என்பது அவன் வீட்டு ஆண்களுக்கு மட்டும் தெரியும்.

தெரிவது கணியத்தால். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களைக் கடலிலிருந்து பார்த்து ஒரே கோட்டில் கொண்டுவருவது கணியம். வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் கொண்டுவந்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரத்தை இறக்கலாம். எல்லாப் போட்டிலும் ஜி.பி.எஸ். இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு தரம் பதிந்துவிட்டால் பள்ளம் பஸ் ஸ்டாண்டாகிவிடும் என்பது பிலவேந்திரனின் கட்சி. அவன் மட்டுமில்லை, ஊரில் பழைய ஆள் ஒவ்வொருவனும் இப்படி ஒரு இடத்தைக் கண்ணுக்குள் பூட்டி வைத்திருந்தான். கணியத்தை அடுத்த போட்டுக்காரனிடம் சொல்வதில்லை. கட்டின பெண்டாட்டியிடமும் சொல்வதில்லை. இருபத்தோரு வருடம் கூடவே வாழ்ந்த சலோமிக்கு அந்த இரண்டு கோடுகளும் என்னவென்று தெரியாது.

முதல் தரம் வெறுங்கையோடு வந்தபோது நீரோட்டம் சரியில்லை என்றான். இரண்டாம் தரம் பனிமூட்டம் என்றான். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, அவனோடு தொழிலுக்குப் போன இரண்டு பேரும் மெல்கியோர் போட்டில் ஏறிக்கொண்டார்கள். மெல்கியோர் ஊர்க்கமிட்டித் தலைவர். பெரிய குரல்காரர். "அவன் அப்பனுக்கும் இந்த வயசுலதாம்ல ஆரம்பிச்சுது" என்று அவர் ஏலக்கூடத்தில் சொன்னது ஊருக்கே கேட்டது. பிலவேந்திரனின் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர்.

ஊர்ப்பேச்சைக் கேட்டு சலோமி நம்பவில்லை. தன் கையில் இருந்த அளக்கும் டேப்பை நம்பினாள்.

ஊரை மூன்றாவது தடவை கடல் நனைத்த வருடம், கரைக்காப்பு வாரியத்திலிருந்து டாக்டர் தமயந்தி வந்தார். மருந்து டாக்டர் இல்லை, செடி டாக்டர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே மூன்று மைல் நீளத்துக்குக் கிடந்த மணல்மேட்டில் அவர் அடப்பங்கொடியை நட்டார். அது ஊருக்குப் புதிது இல்லை. ஆட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த தடித்த இலை, கிள்ளினால் பால், காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் சுருங்கிப்போகும் ஊதாப்பூ. கடலில் சொறிமீன் பட்டு உடம்பு எரிந்தால் அந்த இலையைத்தான் கசக்கித் தேய்ப்பார்கள்.

"இது நம்ம அடப்பங்கொடிதானே மேடம்?" என்று நடவு வேலைக்குப் போன முதல் நாளே சலோமி கேட்டாள்.

"அதேதான் சலோமியக்கா. ஒண்ணே ஒண்ணு மாத்தியிருக்கேன். சாதாரணக் கொடியில ஒரு முனைக்கு என்ன ஆச்சுன்னு மறுமுனைக்குத் தெரியாது. இதுல தெரியும். அலை ஒரு இடத்துல மேட்டைக் கடிச்சா, அங்க இருக்கிற வேர் உப்பை ருசி பார்க்கும். உடனே கொடி முழுக்கச் சேதி போகும். எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டையை அடைக்கும்."

"அப்ப மூணு மைலுக்கும் ஒரே கொடியா?"

"ஒரே கொடி. ஒரே உயிர்" என்றார் தமயந்தி. சொன்னபோது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பெருமைப்படுவதற்கு நியாயமும் இருந்தது.

இரண்டு வருடத்தில் மேடு பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டது. எத்தனையோ அலை அடித்தும் ஓரிடத்தில்கூட உடையவில்லை. அதைவிட ஆச்சரியம், கடற்கரை அகலமாகிவிட்டது. போட்டை இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் முன்பைவிட நல்ல இடம் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பந்து விளையாடினார்கள். சந்தியாகப்பர் திருவிழாவில் அடப்பங்கொடிக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினார்கள் என்றால் பாருங்கள்.

சலோமி அங்கே கொடிக்காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேட்டின் முகடு நெடுக நாற்பது வெள்ளைக் குழாய்கள் நட்டிருந்தார்கள். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு குழாயிடமும் டேப்பைப் பிடித்து மணல் எவ்வளவு உயரம் நிற்கிறது, முகடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதவேண்டும். வாரியம் கொடுத்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: குழாய் சாய்ந்தாலோ, கடல் பக்கம் மணல் இறங்கி வெளியே தெரிந்தாலோ, பிடுங்கி முகட்டில் அதே ஆழத்துக்கு நடவும். சலோமி அப்படியே செய்தாள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள் என்று தமயந்தியே நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறார்.

அதனால்தான் அன்றைக்குப் பிலவேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏட்டி, அந்த மணல்மேடு நவுந்திருக்குமோன்னு தோணுது" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நல்லாச் சொன்னீங்க. வாரம் தவறாம நாந்தான அளக்கேன்? ஒரு சாண்கூட அசையல."

அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஊர் சொன்னது அவனை இவ்வளவு சுட்டதில்லை.

தூத்துக்குடிக்கு அழைத்துப்போய்த் தலையைப் படம் எடுத்தார்கள். படத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. "படத்துல தெரியாத கோளாறு போல" என்றான் அவன். திரும்பி வரும் வழியில் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்: "வார ஞாயிறு நம்ம போட்ட மெல்கியோருக்கே பேசி வித்துருதேன். இருக்க எடம் தெரியாதவனுக்கு எதுக்குட்டி போட்டு?"

அவன் அழுதிருந்தால்கூடச் சலோமி தாங்கியிருப்பாள். அவன் ஏதோ வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் மாதிரி பேசியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவன் போட்டைக் கடைசியாகக் கழுவி வைக்கப் போனபோது அவளும் பின்னாலேயே போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பூவந்துறையில் பெண்கள் போட்டில் ஏறுவதில்லை. கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"எறங்கு."

"எறங்க மாட்டேன். ஒரு தரம் என்ன அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க பார் இல்லன்னா நாளைக்கு நானே போட்ட வித்துத் தாரேன்."

"கணியம் ஒனக்குத் தெரிஞ்சுருமே."

"தெரிஞ்சா தெரியட்டும். இனி அத வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட கேள்விதான். ஆனால் அவள் கண் நிறைந்திருந்ததை அவன் பார்த்தான். போட்டைத் தள்ளினான்.

பேட்டரி மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. கரை சிறுத்துக்கொண்டே போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து மோட்டாரை அணைத்துவிட்டு, அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரையைப் பார்த்தான். பிறகு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவம் சொல்கிறவன் மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கோயில் மணிக்கூண்டு தெரியுதா? அதுக்கு முன்னால மணல்மேட்டு முகட்டுல ஒரு வெட்டு கெடக்கு பாரு. மணிக்கூண்டு அந்த வெட்டுக்குள்ள சரியா வந்து உக்காரணும். இது ஒண்ணு. தெக்க திரும்பு. லைட்டவுசு ஒத்தப்பனைக்குப் பின்னால மறையணும். இது ரெண்டு. இப்ப ரெண்டும் சரியா இருக்கா?"

சலோமியும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சரியாக இருந்தது. இருபத்தோரு வருடம் அவன் வாய்க்குள் இருந்த ரகசியம் இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு பெரிய கடலில் இரண்டு பார்வையை வைத்து வீட்டுக் கதவைத் திறப்பது போல ஒரு இடத்தைத் திறக்கிறார்களே என்றும் இருந்தது.

அவன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினான். கல்லில் பட்டால் விரலுக்கு டொக்கென்று தெரியவேண்டும். மெத்தென்று தெரிந்தது. மணல். "பாத்துக்கிட்டியா?" என்றான்.

"கணியத்த விடுங்க" என்றாள் சலோமி. "கண்ண மூடிக்கிட்டு, பார் எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தோணுது?"

"தோணுதது எதுக்குட்டி ஆவும்?"

"சொல்லுங்க."

அவன் போட்டின் ஆட்டத்தைக் காலால் கேட்டான். கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். "வடக்க" என்றான். அரை மைல் வடக்கே போய்க் குண்டை இறக்கினார்கள். மணல். இன்னும் கொஞ்சம். மணல். அடுத்த தரம் இறக்கியபோது அவன் தோள் சட்டென்று நிமிர்ந்ததை அவள் பார்த்தாள்.

"கல்லு" என்றான். "பள்ளந்தாம்டி இது. பள்ளமேதான்."

நங்கூரம் கடித்துக்கொண்டது. அரை மணிக்குள் நாலு களவாய் ஏறின. அவன் குழந்தை மாதிரி சிரித்தான். பிறகு கரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மணிக்கூண்டு வெட்டுக்குள் இல்லை. வெட்டு இடது பக்கம் விலகிக் கிடந்தது.

சலோமியும் பார்த்தாள். மணிக்கூண்டு நகராது. பார் நகராது. அந்த வெட்டு அவள் தினம் ஏறி இறங்குகிற இடம். பதினேழாம் நம்பர் குழாய்க்கும் பதினெட்டாம் நம்பர் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. போன வாரம்கூடப் பதினேழாம் நம்பர் கடல் பக்கம் வெளியே தெரிந்தது. பிடுங்கி முகட்டில் நட்டாள். அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் ஒரு எட்டு, அரை எட்டு.

அவள் கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க" என்றாள். "ஒங்க தலைக்கு ஒண்ணுமில்ல. மேடு நவுந்துதான் இருக்கு. அது நவுர நவுர நானே குழாயத் தூக்கித் தூக்கி அது கூடவே நட்டுருக்கேன். நட்டுட்டு, நானே அளந்து, அசையலன்னு எழுதியிருக்கேன். ஒங்க முகத்தப் பாத்து அசையலன்னு சொன்னேனே!"

அவள் போட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். பிலவேந்திரன் அவளைத் தேற்றுவதா, துள்ளிக் குதிப்பதா என்று தெரியாமல் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் நங்கூரத்தை இழுத்தான். அதன் கொக்கியில் தேங்காய் அளவுக்கு ஒரு பார்க்கல் மாட்டிக்கொண்டு வந்தது. அதை அவள் மடியில் வைத்தான். "அழாத. இந்தா, சாட்சி" என்றான்.

மத்தியானமே தமயந்தியைக் கூட்டிக்கொண்டு கோயில் சுவரிலிருந்து முகடு வரைக்கும் டேப்பைப் பிடித்தார்கள். நட்டபோது இருந்ததைவிட இருபத்திரண்டு மீட்டர் குறைந்திருந்தது. தமயந்தி இரண்டாம் தரமும் பிடிக்கச் சொன்னார். அப்புறம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"வானத்துலேர்ந்து எடுத்த படத்துல பச்சை ஊர்ப்பக்கம் பரவியிருந்தது. கொடி நல்லா வளருதுன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார். "கடற்கரை பெருசாச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்க. கரை பெருசாகலை அக்கா. மேடு பின்னால போயிருக்கு."

"மணலு எப்படி மேடம் நடக்கும்?"

"முன்னால இருக்கிற இலையைக் காய விடுது. அங்க மணல் பிடி விட்டுப் பறக்குது. பின்னால புதுசா வேர் விட்டு அதைப் பிடிச்சுக்குது. முன்னால விடுறது, பின்னால பிடிக்கிறது. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"அடியில உப்புத்தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. ஓட்டை ஒரு இடத்துலன்னா அடைக்கலாம். மூணு மைலும் ஒரே நேரத்துல உப்பை ருசி பார்த்தா என்ன செய்யும்? இந்தக் கரை நிக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு." குரல் இறங்கியது. "நான்தான் அதுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்துட்டேன். என்னாலதான்."

அப்போதுதான் அவர் கண் சலோமி கையிலிருந்த கல்லின்மேல் விழுந்தது. வாங்கிப் பார்த்தார். மணல் இறுகிக் கல்லானது. அதற்குள் விரல் கனத்தில் ஒரு தண்டின் அச்சு ஓடியது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்தது. தமயந்தி பக்கத்திலிருந்த கொடியை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கணுவுக்குக் கணு, இடைவெளி ஒன்றாகவே இருந்தது.

"இது எங்க கெடைச்சுது?"

"ரெண்டாம் பாருல. பத்துப் பாகம் ஆழம்" என்றான் பிலவேந்திரன். ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

தமயந்தி கல்லை மடியில் வைத்துக்கொண்டு அந்த அச்சை விரலால் தடவினார். பேசியபோது குரல் கிசுகிசுத்தது. "அண்ணா, உங்க பார் எல்லாம் மணல்மேடு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் அங்க இருந்தப்ப, அடப்பங்கொடி நின்ன மேடு. கடல் ஏறினதும் அடிமணலைக் கல்லா விட்டுட்டு, மேல் மணலைத் தூக்கிக்கிட்டு மூணாம் பாருலேர்ந்து ரெண்டாம் பாருக்கு வந்திருக்கு. அப்புறம் முதல் பாருக்கு. அப்புறம் இங்க. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கலை. மறந்திருந்ததை ஞாபகப்படுத்தியிருக்கேன்."

காலடியில் கிடந்த கொடியை மிதிக்கக் கூசிச் சலோமி ஒதுங்கி நின்றாள். சொறிக்குத் தேய்க்கிற இலை இது. ஆடுகூடச் சீந்தாத இலை. இதுவா மூணாம் பாரிலிருந்து நடந்து வந்திருக்கிறது?

பிலவேந்திரன் கடலையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கணக்கு வேறு மாதிரி ஓடியது. "அப்ப நம்ம ஊரு நாலாம் பாரு" என்றான்.

அடுத்த நாள் சலோமியும் தமயந்தியும் மேட்டின் பின்பக்கம் நடந்தார்கள். ஒரு கொடி மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பியிருந்ததைச் சலோமிதான் கண்டாள். அது உடைமரப் புதருக்குள் நுழைந்து, அவள் வீட்டுக் கொல்லை வழியாகப் போனது. அவள் பாத்திரம் கழுவுகிற கல்லைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து, கல்லறைத் தோட்டச் சுவரை ஒட்டி ஓடியது. கல்லறைக்குள் அது நுழையவில்லை. இரண்டு பெண்களும் அதன் பின்னாலேயே போனார்கள். தார் ரோட்டின் அடியில் குழாய் வழியாக மறுபுறம் வந்தது. உவர் நிலத்தில் எங்கும் நிற்காமல் ஓடியது. இரண்டு மைல். நூலை விடக் கொஞ்சம் தடித்த ஒரே ஒரு கொடி.

செம்மண் மேடான தேரி தொடங்கும் இடத்தில் அது நின்றது. நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து இலையும் ஒரே ஒரு ஊதாப்பூவும். அந்த இலைகளின் நடுவே, சிவந்த மண்ணின்மேல், ஒரு குடம் அளவுக்கு வெள்ளை மணல் குவிந்திருந்தது. கடல்மணல்.

"இது எப்படி இங்க வந்துச்சு மேடம்?"

"தெரியலை அக்கா" என்றார் தமயந்தி. தெரியவில்லை என்று சொல்வதில் அவருக்கு அன்றைக்கு வெட்கமே இல்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் ஒவ்வொன்றாக நடுநரம்பில் மடிந்து, இரண்டு கை கூப்புவது போல மூடின. தமயந்தி கையிலிருந்த, கடல்மட்டம் காட்டும் கருவியைப் பார்த்தார். "ஏற்றம் ஆரம்பிச்சிருக்கு. இப்பத்தான் கடல் மேட்டைத் தொட்டிருக்கு" என்றார். இரண்டு மைல் தள்ளி, கடலே தெரியாத இடத்தில், சலோமி முழங்காலிட்டாள். யாரை நோக்கி என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஊர் கூடியது. வாரியத்திலிருந்து சபேசன் என்ற அதிகாரி லாரியோடு வந்திருந்தார். லாரியில் களைக்கொல்லி மருந்துப் பீப்பாய்கள். கொடிமேல் அடித்துவிட்டால் மேடு இருந்த இடத்தில் இருக்கும், ஊர் பயப்படவேண்டாம் என்றார்.

"நிக்கும் சார். செத்துதான் நிக்கும்" என்றார் தமயந்தி. "செத்த கொடி மணலைப் பிடிக்காது. முதல் புயல்லயே மேடு கரைஞ்சிடும். அப்புறம் கடலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. விட்டா, முதல் தெருவுக்கு வர நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள எல்லாரும் தேரிக்குப் பின்னால போயிடலாம்."

கூட்டம் கொந்தளித்தது. முதல் தெருவில் தொபியாஸ் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை. "நேத்து வரைக்கும் அசையலன்னு எழுதினவ, இன்னைக்கு ஊரையே காலி பண்ணச் சொல்லுதா" என்று அவன் சலோமியைப் பார்த்துக் கத்தினான். "புருசன் தல சரின்னு காட்டணும்னா எங்க வீட்ட இடிக்கணுமா?"

அவன் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது.

பின்வரிசையிலிருந்து பிலவேந்திரன் எழுந்தான். மூன்று மாதமாக அவன் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"எங்க வீட்டுக் கணியம் சொல்லுதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றான்.

பேச்சு கப்பென்று நின்றது. தங்கக்காசை நடுத்தெருவில் கொட்டுகிறவனைப் பார்ப்பது போல எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மணிக்கூண்டையும் வெட்டையும் சொன்னான். லைட்டவுசையும் ஒத்தப்பனையையும் சொன்னான்.

"எங்க தாத்தா எங்க அப்பாவுக்குச் சொன்னது. அப்பா எனக்குச் சொன்னது. இப்ப அதுல பார் இல்ல. அர மைல் வடக்க கெடக்கு. பைத்தியம்னீங்க. நானும் நம்பிட்டேன். மேட்ட வச்சுக் கணியம் எடுத்த எவனுக்காவது மாறாம இருந்தா, அவன் எந்திரிச்சுச் சொல்லட்டும். நான் ஒக்காந்துருதேன்."

யாரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். சலோமிக்கு அப்போதுதான் விளங்கியது. மெல்கியோர்தான் முதலில் எழுந்தார். அவருடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"எனக்கும்தாம்ல" என்றார். "ஏழு மாசமா. எங்கிட்டத்தான் கோளாறுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா கேவலம்னு கெடந்தேன். ஒன் ஆளுங்கள எதுக்குக் கூட்டிக்கிட்டேன்னு நெனைக்க? ஒன் பள்ளத்தையாவது காட்டுவானுவன்னுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவன் எழுந்து தன் கணியத்தைச் சொன்னான். பிறகு இன்னொருவன். தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த மத்தியானம் வெளியே வந்தது. எல்லாம் ஒரே பக்கமாகத்தான் விலகியிருந்தது. கடைசியாகத் தொபியாஸ், உட்கார்ந்தபடியே, தன் அப்பாவின் கணியத்தைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். வெள்ளையடிக்காத அந்த வீட்டை நினைத்துத்தான் அழுதான். எல்லாருக்கும் அது தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை.

"மருந்தத் திருப்பிக் கொண்டுட்டுப் போங்க சார்" என்றார் மெல்கியோர்.

நாலு வருடம் என்று தமயந்தி சொன்னது மூன்றரை வருடத்தில் வந்தது. தேரிக்குப் பின்னால் புதுத்தெருக்கள் எழுந்தன, புதுக் கோயில் எழுந்தது. தமயந்திக்கு வாரியத்தில் வேலை போனது. அவர் பூவந்துறையிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டார். கல்லறையை மட்டும் எடுத்துப் போகவில்லை. கொடி அதைச் சுற்றித்தான் வந்தது, மேலே ஏறவில்லை. அதற்குக் காரணம் தமயந்திக்கும் இன்றுவரை தெரியாது.

கடைசிச் சாமானை ஏற்ற வந்த அன்று காலை, சலோமி வீட்டின் கூரையைப் பிரித்திருந்தார்கள். கொல்லைச் சுவர்மேல் அடப்பங்கொடி ஏறி, அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூ விரிந்திருந்தது. சலோமி அம்மியைத் தூக்கச் சொல்லிப் பிலவேந்திரனைத் தேடினாள். அவன் அடுப்பு இருந்த இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"புதுக்கோயில் மணிக்கூண்டு தேரி உச்சியில சரியா உக்காருது" என்றான். பிறகு மெல்லத் தெற்கே திரும்பினான். "லைட்டவுசு கரண்டு காத்தாடிக்குப் பின்னால மறையுது. நல்லாப் பாத்துக்கிடு. எரநூறு வருசம் கழிச்சு எவனாவது வந்து தேடுவாம்லா?"

சலோமி இந்த அடுப்பில்தான் இருபத்தைந்து வருடம் சமைத்திருக்கிறாள். அவன் குனிந்து, கரி பிடித்த அந்த மூலையைக் கையால் தடவினான். நல்ல பள்ளம் கண்டுவிட்டவன் முகம் அவனுக்கு.

"இந்த மூலையிலதாம்டி களவாய் அண்டும்" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கோடுகளையும் தெருவில் சாமான் ஏற்றுகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.